எதிரணி

1937-இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேலையூர், புனித தோமையார், பிஷப் ஹீபர் என மூன்று பழைய விடுதிகள் உண்டு. ஒன்று ஊரின் பெயர்; ஒன்று திருத்தூதரின் பெயர்; மற்றொன்று 1826-இல் திருச்சியில் மறைந்த ஆங்கிலிக்கன் ஆயரின் பெயர். கால்பந்து என்று வந்துவிட்டால் மூன்றும் மூன்று பகைநாடுகள்! ஆயினும் இலயோலாவை எதிர்த்துக் கல்லூரி களமிறங்கும் நாளில், நேற்று மோதிக்கொண்டவர்கள் ஒரே வண்ணச் சட்டையில் தோளோடு தோள் நிற்கின்றனர்.

1925-இல் இயேசு சபையார் தோற்றுவித்த இலயோலா இருப்பது நுங்கம்பாக்கத்தில். அங்கிருந்து மின்சார இரயிலேறி, சனிக்கிழமைதோறும் தாம்பரத்துப் பெரியப்பா வீட்டுக்கு வரும் இலயோலா மாணவன் ஒருவனை நாம் அறிவோம். பெரியப்பா மகனோ கிறித்தவக் கல்லூரியில் பயில்பவன். இருவரும் வாசலில் செங்கல் வைத்துக் கோல் அமைத்து ஆடுவர். கேலியால் தெருவே அதிரும். இரவில் பெரியம்மா சுடும் தோசையிலும் போட்டிதான்.

தந்தையர் இருவரும் பாகப்பிரிவினை வழக்கால் ஆறாண்டுகளாய்ப் பேசுவதில்லை. நாம் எடுத்துரைத்த நல்லுரைகள் பலிக்கவில்லை. இரு கல்லூரிகளும் மோதிய ஆட்டம் முடிந்து பிள்ளைகள் வீடு திரும்பிய ஒரு மாலை, "யார் வென்றது?" என்றார் பெரியவர். சற்றுப் பொறுத்து, தம்பி மகனிடம், "உன் அப்பனும் பார்க்க வந்தானா?" என்றார். தம்பியை அவர் விசாரித்து நாம் கேட்டது அதுவே முதன்முறை.

எதிரணி இல்லையேல் ஆட்டமில்லை. பிள்ளைகள் இதனை அறிவர். ஆகவே ஊதல் ஒலித்ததும் கைகுலுக்குகின்றனர். அன்பர்களே, நம் வீட்டு வழக்குகளில் இறுதி ஊதலை ஒலிக்க யாருக்காகக் காத்திருக்கிறோம்?