ஒரு விரக்கடைத் தண்ணி

எங்க ஊர் ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோரம். கிணறு தோண்டினால் தண்ணி கிடைக்கும், வாயில் வைக்க முடியாது. அம்புட்டு உப்பு. மாசி வரைக்கும் ஊருணி கை கொடுக்கும். பங்குனி பிறந்துட்டா வண்டித் தண்ணிதான், குடம் கணக்கில் காசு. வண்டி எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரி பல நாள் விடியக்காலம் நாலு மணிக்கே குடத்தை வரிசையில் வச்சுட்டு உட்கார்ந்திருப்பா.

போன கோடையில் ஒரு தடவை மூணு நாள் வண்டி வரலை. அம்மா மாத்திரை போடுறதுக்கு பக்கத்து வீட்டில் ஒரு செம்பு தண்ணி கடன் வாங்கினோம். அன்னைக்கு மத்தியானம் களத்தில் மிளகாயைக் கிண்டி விட்டுக்கிட்டிருந்தேன். கால் பொரியுது. இந்த வெயிலை வச்சு கிணத்துத் தண்ணியை ஆவியாக்கிப் பிடிச்சா என்னன்னு அப்பத்தான் தோணுச்சு.

இது ஒண்ணும் புதுசு இல்லை. 1872-லேயே சிலி நாட்டில் லாஸ் சலினாஸ் என்ற இடத்தில், சுரங்க வேலைக்கு நின்ன கோவேறு கழுதைகளுக்காக, கண்ணாடி மூடின மரத் தொட்டிகளை வரிசையாக வைத்து நாளைக்கு 20,000 லிட்டருக்கும் மேல் நல்ல தண்ணி எடுத்திருக்கிறார்கள். நான் செய்தது அதில் ஒரு குட்டி. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் தகரத் தட்டு, உள்ளே கறுப்பு பெயின்ட், மேலே சாய்வாகக் கண்ணாடி. கண்ணாடியில் படிஞ்சு வழியுற தண்ணியைப் பிடிக்க, பாதியாப் பிளந்த பி.வி.சி. குழாய்.

நாலு விரக்கடை ஆழத்துக்கு கிணத்துத் தண்ணியை ஊத்தினேன். சாயங்காலம் அளந்தா ரெண்டு லிட்டர்கூடத் தேறலை.

"இதுக்குப் போயா கண்ணாடிக்கு இம்புட்டுக் காசைப் போட்டீக?" என்றாள் வீட்டுக்காரி. பதில் சொல்லத் தெரியலை.

பதில் சொன்னவர் என் மாமா. வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் ரொம்ப வருஷம் வேலை பார்த்தவர். பெட்டிக்குள் எட்டிப் பார்த்துட்டு, "ஏன் மாப்ள, குளத்தையா காய வைக்கப் போற? உப்பு விளையிற பாத்தியில லேசாத்தான் தண்ணி கட்டுவோம். ஆழமா நின்னா என்னைக்குக் காய?" என்றார்.

அன்னைக்கு ராத்திரி கணக்குப் போட்டேன். ஒரு லிட்டர் தண்ணி ஆவியாக சுமார் 24 லட்சம் ஜூல் வெப்பம் வேணும். நல்ல கோடை நாளில் ஒரு சதுர மீட்டரில் விழுற வெயில் கிட்டத்தட்ட 2 கோடி ஜூல். ஒரு சொட்டு வெப்பம்கூட வீணாகலைன்னா எட்டு லிட்டர் வரணும். மிச்சம் எங்க போச்சு? ஒரு டம்ளர் டீத்தண்ணிக்கு அண்டா நிறையக் காய்ச்சின கதைதான். பாதி நாள் வெயில் அடித்தண்ணியைச் சூடாக்கவே போயிடுது. தகரத்தின் அடிவழியாவும் ஒழுகிப் போகுது.

தண்ணியை ஒரு விரக்கடையாகக் குறைத்தேன். தட்டுக்கு அடியில் உமியை அடைத்தேன். ரெண்டரை லிட்டர் வந்துச்சு.

அப்புறம்தான் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் நடந்த வேலையைப் பற்றிப் படித்தேன். கேங் சென் என்பவரின் குழு 2014-ல் தண்ணி மேல் மிதக்கிற கறுப்பு கார்பன் நுரை ஒன்றைச் செய்தது. மேல் பரப்பு மட்டும் சூடாகும், அடியிலிருந்து தண்ணி திரி மாதிரி ஏறி வந்து அங்கேயே ஆவியாகும். வெயிலைப் பத்து மடங்கு குவித்தபோது, விழுந்ததில் 85 சதவீதம் நீராவி ஆக்கவே பயன்பட்டதாம். 2016-ல் அதே குழு, பொருள் சுத்தி வருமே குமிழி பிளாஸ்டிக், அதை மேலே போர்த்தி, கண்ணாடி லென்ஸ் எதுவும் வைத்து வெயிலைக் குவிக்காமலே 100 டிகிரி நீராவி எடுத்தது. மாமா சொன்னதையே இன்னும் ஒரு படி மேலே கொண்டு போயிருக்கிறார்கள்.

கார்பன் நுரைக்கு நான் எங்கே போக? தெர்மாகோல் பலகை மேல் பழைய கறுப்புப் பருத்தித் துணியை விரித்து, நாலு ஓரத்தையும் தண்ணிக்குள் தொங்க விட்டேன். விளக்குத்திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி துணி இழுத்துச்சு. அன்னைக்கு மூணேகால் லிட்டர்.

அஞ்சாம் நாள் மறுபடி குறைஞ்சுது. திறந்து பார்த்தால் கறுப்புத் துணி வெள்ளையா இருந்துச்சு. உப்பு பூத்து, வெயிலைத் திருப்பி அனுப்புது. இப்ப தினமும் பொழுது சாஞ்சதும் துணியை எடுத்துக் கிணத்துத் தண்ணியிலேயே அலசிப் போடுறேன். தட்டில் நிற்கிற காரத் தண்ணியையும் மாத்திடுறேன்.

பெயின்ட் வாடை போகிற வரைக்கும் குடிக்கலை. முதல் டம்ளர் அம்மாவுக்குத்தான். "சப்புன்னு இருக்குடா" என்றாள். உப்பே இல்லாத தண்ணி, அப்படித்தான் இருக்கும். ஆனாலும் மாத்திரைக்கு இதைத்தான் கேட்கிறாள்.

எங்க வீட்டில் அஞ்சு பேர். குடிக்க மட்டும் பன்னெண்டு லிட்டராவது வேணும், அதுக்கு நாலு பெட்டி. ரெண்டாவதுக்குக் கண்ணாடி சொல்லியாச்சு. வண்டித் தண்ணிக்கு இன்னும் காத்துக்கிட்டுத்தான் இருக்கோம். ஆனா மூணு நாள் வண்டி வரலைன்னாலும், செம்பைத் தூக்கிக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியதில்லை.

போன வாரம் தொட்டித் துணியை அலச மறந்துட்டேன். காலையில் போய்ப் பார்த்தால் கொடியில் காய்ஞ்சுக்கிட்டிருந்துச்சு. வீட்டுக்காரி அலசிப் போட்டிருந்தா.