பிழையில்லாத குறிப்பேடு

மாரமங்கலத்துப் பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க நாம் முற்பட்டபோது, பிழையே இல்லாத குறிப்பேடு ஒன்று நம்மை ஏமாற்றும் என எதிர்பார்க்கவில்லை. சேர்வராயன் மலையில் அரையாண்டுத் தேர்வும் காப்பிப் பழம் பறிக்கும் காலமும் சேர்ந்தே வரும். பகலில் பெற்றோருக்குக் கைகொடுத்துவிட்டு வகுப்புக்கு வருவோரும் உண்டு. அவர்களில் ஒரு சிறுமி, தன் தந்தையைப் பற்றி எழுதுகையில், "தி எஸ்டேட் விச் மை ஃபாதர் வொர்க்ஸ்" என்று எழுதியிருந்தாள். நாம் சிவப்பு மையால் வட்டமிட்டு, 'இன்' என்னும் சொல் விடுபட்டதைக் காட்டி, பிழைக்கு எடுத்துக்காட்டாக எல்லாரும் கேட்க வாசித்தோம். பிள்ளைகள் சிரித்தனர். நாமும் சிரித்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

அதன்பின் அவளுடைய குறிப்பேட்டில் ஒரு பிழையும் இல்லை. 'என் தந்தைக்கு ஒரு வேலை உண்டு. தோட்டம் தொலைவில் உள்ளது. அவர் தாமதமாக வருவார்' என்ற அளவில் குட்டி வாக்கியங்கள். 'விச்' இல்லை, 'ஹூ' இல்லை. நல்ல முன்னேற்றம் என்று பாராட்டி எழுதினோம்.

சிங்கப்பூரில் சீனர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் துறவறச் சகோதரி ஒருவர் விடுமுறையில் வந்தபோது இதைப் பெருமையாகச் சொன்னோம். அவர் முகம் மலரவில்லை. தம் மாணவர்களும் இப்படித்தான் என்றார். 'நேற்று வந்த பையன்' என்று நாம் சொல்லும் அதே வரிசையில்தான் சீனரும் சொல்வராம்: முதலில் நேற்று, பிறகு வருதல், அதன்பின் 'த' என்றொலிக்கும் ஒரு குறுஞ்சொல், கடைசியில் பையன். நம் 'வந்த' என்பதன் ஈற்றில் நிற்கும் அகரம் செய்யும் வேலையை அச்சொல் செய்கிறது. ஆங்கிலத்திலோ பையன் முதலில் வந்து நிற்க, அவனைப் பற்றிய செய்தி பின்னால் வரவேண்டும். கர்த்தர் கற்பித்த செபத்தை இரு மொழியிலும் சொல்லிப் பார்ப்பவருக்கு இது விளங்கும். தமிழில் 'இருக்கிற' என்பது தந்தைக்கு முன்னே நிற்கிறது. ஆங்கிலத்தில் 'ஹூ' தந்தையைப் பின்தொடர்கிறது.

வரிசை மட்டுமே இடர் அன்று. நம் பெயரெச்சம் மிகவும் தாராளமானது. செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என ஆறு பொருட்பெயர்களை அது கொள்ளும் என்று நன்னூல் வகுக்கிறது. உண்ட சாத்தன், உண்ட கலம், உண்ட இல்லம், உண்ட நாள் ஆகிய எல்லாவற்றுக்கும் 'உண்ட' ஒன்றே போதும். கலத்தில் உண்டானா, கலத்தையே உண்டானா என்று தமிழர் எவரும் மயங்குவதில்லை. 'அப்பா வேலை செய்கிற தோட்டம்' என்பதில் 'இல்' எங்கே என்று நாம் தேடுவதுமில்லை. ஆங்கிலம் தேடுகிறது. அச்சிறுமி எழுதியது கவனக்குறைவு அன்று. தாய்மொழி அவளுக்குத் தந்திருந்த முறை அது.

சகோதரி சொன்ன மற்றொரு செய்தி நம்மை இன்னும் உறுத்துகிறது. 1974இல் ஜாக்குலின் ஷாக்டர் என்னும் அமெரிக்க மொழியியலார், ஆங்கிலம் கற்கும் பல நாட்டினரின் கட்டுரைகளை ஆராய்ந்தார். பாரசீக மொழியினர் இத்தகைய தொடர்களை 174 இடங்களில் எழுதி 43இல் பிழைத்தனர். சீனர் பிழைத்தவை 9 மட்டுமே. சீனர் கெட்டிக்காரர் என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் அவர்கள் எழுதியதே 76 தான். கடினமானதைத் தவிர்த்ததால் பிழையும் குறைந்தது. தவறுகளை மட்டும் எண்ணும் ஆசிரியர், எழுதப்படாதவற்றைக் காண்பதில்லை என்பதே அவருடைய வாதம்.

தாலந்து உவமையைப் பற்றி எத்தனையோ முறை மறையுரை ஆற்றியுள்ளோம். பணத்தை மண்ணில் புதைத்த ஊழியனிடம் கணக்கில் ஒரு காசும் குறையவில்லை. தலைவர் கடினமானவர் என்று அஞ்சியே அவன் புதைத்தான். இங்கே அந்தக் கடின முகத்தைக் காட்டியவர் நாமே. இத்தனைக்கும் குருமடத்தில் ஆங்கில விரிவுரைகளுக்கு இடையே, பிறர் நகைப்பரோ என்று 'யெஸ், ஃபாதர்', 'நோ, ஃபாதர்' என்பதோடு இரண்டு ஆண்டுகளை ஓட்டியவர் நாம்.

மறுவாரம் அவளிடம் வருத்தம் தெரிவித்தோம். எதற்கென்று விளங்காதவள்போலத் தலை குனிந்தாள். பின்னர், சகோதரி காட்டிய வழியில், கரும்பலகையில் இரண்டு வாக்கியம் எழுதினோம்: 'அது தோட்டம். அதில் அப்பா வேலை செய்கிறார்.' தமிழில் இவ்விரண்டும் இணையும்போது 'அதில்' மறைந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அதை 'இன் விச்' என மீட்டெடுக்க வேண்டும். பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பொருள்களையே எடுத்துக்கொண்டனர்: மிளகு ஏறுகிற மரம், பாட்டி வெட்டுகிற அரிவாள், தண்ணீர் எடுக்கிற ஊற்று. சிவப்புப் பேனாவை மேசைக்குள் வைத்துவிட்டோம்.

அவள் மட்டும் மூன்று கிழமைகள் பழைய குட்டி வாக்கியங்களையே எழுதினாள். நான்காம் கிழமை நீண்ட வாக்கியங்கள் மூன்று எழுதி, குறிப்பேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நம் முகத்தைப் பாராமலே வெளியே போய்விட்டாள். அவற்றுள் இரண்டு தவறாயிருந்தன.