அத்தாவின் உறக்கம்

ஜும்ஆவில் என் தந்தை உறங்குவார் என்பது எங்கள் மஹல்லாவில் அனைவரும் அறிந்த செய்தி. இமாம் குத்பாவைத் தொடங்கிய சில நிமிடங்களில் அவரது தலை தூணில் சாய்ந்துவிடும். பக்கத்தில் இருப்பவர் தட்டி எழுப்ப, வெட்கத்தோடு மீண்டும் உளூச் செய்ய ஓடுவார். ஈமானில் தளர்வு என்றே நான் எண்ணினேன். ஒரு வெள்ளியன்று அதை அவரது முகத்துக்கு நேரே சொல்லியும் விட்டேன். அவர் பதில் பேசவில்லை.

அத்தா ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். சென்ற ஆண்டு பருத்திப்பட்டு ஏரியருகே வண்டி சாலையை விட்டு இறங்கி நின்றது. அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் காயமில்லை. நாய் குறுக்கே வந்தது என்றார். பயணிகள் ஒருவரும் அந்த நாயைப் பார்க்கவில்லை.

அம்பத்தூரில் ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அம்மாவும் வந்தார். மருத்துவர் முதலில் கணக்குத்தான் கேட்டார். இஷா தொழுது எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், ஸுப்ஹுக்கு எத்தனை மணிக்கு எழுகிறீர்கள்? பகலில் தூங்கி வழிவோரில் பலர் இரவில் போதிய நேரம் உறங்காதவர்களே என்றார். பிறகு சளிக்கும் அரிப்புக்கும் போடும் மாத்திரைகள், தைராய்டு, இரத்தசோகை, மனச்சோர்வு என ஒவ்வொன்றாக விசாரித்தார். கழுத்தைச் சுற்றி நாடா வைத்து அளந்தார்: 43 சென்டிமீட்டர்.

அடுத்து ஒரு தாளைக் கொடுத்தார். மெல்போர்ன் நகரின் மரே ஜான்ஸ் என்ற மருத்துவர் 1991-இல் வெளியிட்ட எப்வொர்த் அளவுகோல் அது. படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, பொது இடத்தில் சும்மா அமர்ந்திருக்கும்போது, பிறரோடு பேசும்போது என எட்டுச் சூழல்கள். ஒவ்வொன்றிலும் கண்ணயர எவ்வளவு வாய்ப்பு என்று 0 முதல் 3 வரை எண் இட வேண்டும். மொத்தம் 24, 10-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். எட்டாவது, போக்குவரத்தில் வண்டி சில நிமிடம் நிற்கும்போது. "கரையான்சாவடி நெரிசலில் நிற்பீர்களே, அதுபோல" என்று மருத்துவர் விளக்கினார். அத்தா தரையைப் பார்த்தபடி 0 எழுதினார். அவரது மொத்தம் 3.

மருத்துவர் இன்னொரு தாளை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். "அவரைப் பற்றி நீங்கள் எழுதுங்கள்." அம்மாவின் மொத்தம் 17.

"ராத்திரியில இவங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வருது டாக்டர். நான் தோளைத் தட்டுவேன். தஸ்பீஹ் ஓதிக்கிட்டே படுத்திருப்பேன்."

"எத்தனை வருஷமாக?"

"கடைசிப் பொண்ணு பொறந்ததிலேருந்து."

என் தங்கைக்குப் பதினான்கு வயது. அடுத்த அறையில் படுத்து அந்தக் குறட்டையைக் கேட்டு நாங்கள் சிரித்திருக்கிறோம்.

உறக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. இரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்ததும் மூளை ஒரு கணம் விழித்துப் பாதையைத் திறக்கிறது. உறங்குபவருக்கு அது தெரியாது. எட்டு மணி நேரம் படுத்திருந்தும் உறங்காதவராகவே எழுகிறார். விரலிலும் மூக்கிலும் மார்பிலும் கருவி பொருத்தி ஓர் இரவு சோதித்ததில், மூச்சு நின்றதும் குறைந்ததுமாக மணிக்கு 38 முறை. 30-ஐக் கடந்தாலே கடுமையானது.

சிகிச்சை பலன் தரும்வரை வண்டி ஓட்டக் கூடாது என்றார் மருத்துவர். "அப்போ வீட்டுக்குச் சோறு?" என்றார் அத்தா. தாளில் அவர் 3 எழுதியதன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. வண்டியை ஒரு நண்பரிடம் வாடகைக்கு விட்டோம். அன்றிரவு அத்தாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுடா, நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார்.

காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைக்கும் முகமூடிக் கருவியோடு அவர் உறங்கிய முதல் இரவில் வீடு அமைதியாக இருந்தது. அம்மாதான் மூன்று முறை எழுந்து, அவரது மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தார்.

இரண்டு மாதம் கழித்து மருத்துவர் மீண்டும் இரு தாள்களைத் தந்தார். அத்தாவின் கணக்கு 4, அம்மாவினது 6. வண்டி ஓட்ட அனுமதி கிடைத்தது. திரும்பும் வழியில் அந்த இரண்டு புள்ளி எதற்கு என்று அத்தா கேட்டார்.

"மத்தியானம் சாப்பிட்டதும் சாயுறீங்களே, அதுக்கு."

"அது கைலூலா, சுன்னத்து. அதுக்கெல்லாமா மார்க் போடுவாங்க?"