ஈரம் குடித்த மரம்

ஜவ்வாது மலையில் ஐப்பசி பிறந்துவிட்டால் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே குடிவந்துவிடும். உப்பு கசியும், கதவுகள் சாத்த மறுக்கும். ஜமுனாமரத்தூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நிற்கும் பழைய பியானோவின் கட்டைகளோ, அழுத்தினால் எழ மறுக்கும்.

மலைச்சரக்கு வியாபாரம் செய்துவந்த அத்தா, ஆம்பூரில் ஒரு வீட்டுப் பொருள்கள் ஏலம் போனபோது அதனை வாங்கி வந்தார்கள். இக்காலப் பியானோவுக்கு 88 கட்டைகள், அதற்கு 85. இரவில் கடையடைத்து வந்தபின் ஒரே ஒரு மெட்டை வாசிப்பார்கள்.

எனக்குப் பதினாறு வயதிருக்கும். மழைக்காலத்தில் நடுக்கட்டையொன்று ஒட்டிக்கொண்டது. "மரம் ஈரம் குடித்திருக்கிறது, தம்பி. தை பிறக்கட்டும்" என்றார்கள் அத்தா. எனக்கோ பொறுமையில்லை. அவர்கள் இல்லாத வேளையில் கட்டையைக் கழற்றி, அதன் அடித்துளையில் ஒட்டியிருந்த கம்பளித் துணியைச் சுரண்டி எறிந்தேன். அப்போதும் கட்டை எழவில்லை. பங்குனி வெயிலில் அது தானே எழுந்தது. ஆனால் ஆடும் பல்லைப்போல் கடகடத்தது. அத்தா ஒரு சொல்லும் கடிந்து சொல்லவில்லை. அந்த மெட்டை வாசிப்பதை மட்டும் நிறுத்திவிட்டார்கள்.

அவர்கள் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், பியானோ பழுதுபார்க்கும் முதியவர் ஒருவர் வந்தார். "முதலில் நோயை அறிய வேண்டும்" என்றார். கட்டை எழுந்து, உள்ளேயுள்ள சுத்தியல் திரும்பாவிடில் குற்றம் சுத்தியலின் அச்சில். கட்டையே எழாவிடில், இடையில் நாணயமோ பென்சிலோ விழுந்திருக்கலாம், அடித்துளைத் துணி பருத்திருக்கலாம், முன்பலகை உரசலாம். எங்கும் எண்ணெய் விடலாகாது. துணி அதனை உறிஞ்சி மேலும் இறுகும்.

பின்னர் முன்பலகையைக் கழற்றிக் காட்டினார். நான் கெடுத்த கட்டையின் முகப்பில் உரசிய தழும்பு இருந்தது. குற்றம் பலகையுடையது, தண்டனை பெற்றதோ துணி! பலகைக்குப் பின்னால் திருகுகளின் இடத்தில் மெல்லிய அட்டைத் துண்டுகளை வைத்து முடுக்கினார். அவ்வளவே வைத்தியம்.

சென்ற ஐப்பசியில் என் பேத்தி ஒட்டிய கட்டையொன்றைக் காட்டி, கத்தியைக் கேட்டாள். அருகிலுள்ள காவலூரில் 1986 இல் திறக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கியும் மேகம் விலகும்வரை காத்திருப்பதைச் சொன்னேன். பிறகு இருவருமாக முன்பலகையைக் கழற்றிப் பார்த்தோம்.

கத்தியை நான் கொடுக்கவில்லை. அத்தாவின் மெட்டில் எனக்கு நினைவிருந்த பாதியை அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன். நடுக்கட்டை இன்றும் கடகடக்கிறது.