இடப்பக்கத்து மரை



வரலாறு பயின்று பட்டம் பெற்றவன் நான். வகுப்பிலே நின்று, "எவர் சொன்னாலும் ஏன் என்று கேள், எண்ணிப் பார்!" என்று மாணவர்க்கு எடுத்தோதுபவன். அத்தகையவன், சென்ற ஞாயிறன்று கையளவு இரும்பிடம் தோற்று நின்றேன்!

பள்ளி ஏழு கிலோமீட்டர் தொலைவு. பேருந்தோ வந்தால் வரும். ஆகவே மிதிவண்டி ஒன்று வாங்கினேன். அட்டைப் பெட்டியிலே அடங்கி வந்தது அது. பின்சக்கரமும் சங்கிலியும் சட்டத்தோடு பூட்டியிருந்தன. மற்றவற்றை நாம் பொருத்த வேண்டும். கடைத்தெருவிலே பூட்டித் தருவர். ஆனால் நான் பட்டதாரியாயிற்றே! செய்முறைத் தாளை மடித்து ஓரமாக வைத்துவிட்டேன். செருக்குக்குத் தாள் எதற்கு?

முன்சக்கரம் அமர்ந்தது, கைப்பிடி நிமிர்ந்தது, இருக்கை உயர்ந்தது. வலப்பக்க மிதிகட்டை விரலாலேயே ஏறிற்று. இடப்பக்கமோ ஏற மறுத்தது. எண்ணெயிட்டேன். ஸ்பானரை மாட்டி உடலின் எடையனைத்தையும் அதன்மீது சாய்த்தேன். வலஞ்சுழித்தால் இறுகும் என்பது நான் கற்ற வேதம்! சோதித்துப் பார்த்தேனா? இல்லை. மூடநம்பிக்கை கோயில் வாயிலில் மட்டுமே குடியிருப்பதாக எண்ணியிருந்தேன். என் கையிலிருந்த ஸ்பானரிலும் அது குடியிருந்தது. மரையின் முனையிலே உலோகத் தூள் உதிர்ந்தது.

"தம்பி, உடைத்துவிடாதே. இடத்துக் கட்டை எதிர்ப்பக்கம்தான் ஏறும்."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கட்டையை இடஞ்சுழித்தார். தடையின்றி ஏறிற்று!

"உனக்கெப்படியம்மா தெரியும்?"

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அல்லர் அம்மா, நிறுத்தப்பட்டவர். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தபோது, எழுத்தோடு மிதிவண்டியையும் ஆயிரமாயிரம் பெண்கள் கற்றனர். அவர்களுள் ஒருவர், பதினாறு வயதுப் பெண்ணான என் அம்மா. மாலை தோறும் அடுத்த ஊருக்கு வாடகை வண்டியில் சென்று எழுத்துச் சொல்லிக் கொடுத்தாராம். வழியெல்லாம் கேலி. ஒருநாள் இடப்பக்கக் கட்டை கழன்று விழுந்தது. வண்டியை உருட்டிக் கடைக்குப் போனவர், பழுது பார்ப்பவரருகே குந்தியமர்ந்து, "ஏன் இது மட்டும் எதிர்ப்பக்கம்?" என்று கேட்டிருக்கிறார்.

மிதிக்க மிதிக்கக் காலின் அழுத்தம் அச்சைச் சுற்றி வருகிறது. அச்சும் தன் துளைக்குள் கண்ணுக்குப் புலப்படாமல் உருள்கிறது. இருபுறமும் ஒரே மரையாயின் இடப்பக்கம் ஓட ஓடக் கழலும். எதிர்மரையானதால் ஓட ஓட இறுகும். இவ்விளக்கம் நான் பிறகு படித்தறிந்தது. அம்மாவுக்குக் கடைக்காரர் சொன்னது ஒரு வரிதான்: "இல்லாவிட்டால் கழன்றுவிடும், பாப்பா."

இருபத்தாறு ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தும் இக்கதையை நான் கேட்டதில்லை. கேட்கக் கற்பிப்பவன் கேட்டதில்லை! திருமணத்தோடு வண்டியினின்று இறங்கியவர், பின்னர் ஏறவே இல்லையாம். ஏன் என்று இம்முறை கேட்டேன். "யார் ஏறச் சொன்னார்கள்?" என்றார்.

பிரேக்கை இருமுறை அழுத்திப் பார்த்தார். மணியை அடித்தார். பிறகு, இருக்கையைத் தன் இடுப்போடு அளந்து பார்த்து, "இதைக் கொஞ்சம் இறக்கு தம்பி" என்றார்.

ஸ்பானரை எடுத்தேன்.