புதன்கிழமை விரதம்

சென்ற ஆண்டு புரட்டாசி பிறப்பதற்குச் சில நாள்கள் முன்பு, போரூரில் ஓர் ஆய்வகத்தில் கொடுத்துவந்த இரத்தத்தின் முடிவு கைக்கு வந்தது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.2 விழுக்காடு. 5.7 முதல் 6.4 வரை நீரிழிவின் வாசற்படி, அதற்கு மேலே போனால் வீட்டுக்குள் நுழைந்தாயிற்று என்று மருத்துவர் விளக்கினார். எம் தந்தையார் அந்த வீட்டுக்குள் இருபது ஆண்டுகள் குடியிருந்து, வலக்காலின் இரு விரல்களை இழந்து, பின் மறைந்தவர். எனவே வாசற்படி என்ற ஒரு சொல்லே எமக்குப் போதுமானதாக இருந்தது. "மாத்திரை இப்ப வேணாம் சார். எடையைக் குறைங்க, நடங்க" என்றவர், நாம் எழுந்து வரும்போது, "இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் வேணும்னா ட்ரை பண்ணிப் பாருங்க" என்றும் சொல்லிவைத்தார்.

இதற்குத் தமிழில் என்ன பெயரிடலாம் என்று காட்டுப்பாக்கம் வந்துசேரும்வரை பேருந்தில் யோசித்துக்கொண்டே வந்தோம் (தமிழாசிரியருக்கே உரிய வியாதி, இதற்கு ஆய்வகத்தில் சோதனை கிடையாது). இடைவிட்ட நோன்பு, விட்டுவிட்டு உண்ணாமை, கால எல்லை உணவு என்று சில தோன்றின. ஒன்றும் ஒட்டவில்லை. செய்முறை எளியதுதான். நாளின் 24 மணி நேரத்தில் 16 மணி நேரம் உண்ணாதிருந்து, எஞ்சிய 8 மணி நேரத்துக்குள் உணவை முடித்துக்கொள்ள வேண்டும். இரவு 8 மணிக்குக் கடைசிக் கவளம், மறுநாள் நண்பகல் 12 மணிக்கு முதற்கவளம் என்று வகுத்துக்கொண்டோம். இடைப்பட்ட நேரத்தில் தண்ணீர் அருந்தலாம். பாலும் சர்க்கரையும் இல்லாத காபி அருந்தலாம். அந்தக் கறுப்புத் திரவத்தைக் காபி என்று அழைப்பதில் எமக்கு இன்றுவரை உடன்பாடில்லை.

உண்ணாதிருப்பதை யாரும் வந்து நமக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை என்ற ஒரு செருக்கும் உள்ளே இருந்தது. எம் வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டரில் இருக்கும் பூந்தமல்லி, திருக்கச்சி நம்பிகளின் ஊர். ஏகாதசி முழுதும் உண்ணாதிருந்து, துவாதசி காலையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சேர்த்துப் பாரணை முடிக்கும் வழக்கம் தெரிந்த முதியவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் காலை உணவைக் குறிக்கும் சொல்லுக்கும் நோன்பு முடித்தல் என்றுதான் பொருள். ஆனால் அவர்கள் அதை மறந்துவிட்டார்கள், நாம் பாரணையை மறக்கவில்லை. ரமலானில் நோன்புக் கஞ்சிக்காகத் தூக்குவாளியோடு நிற்கும் வரிசையில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளையும் பார்க்கலாம். எம் சொந்த ஊர் ஆரணி. அந்தப் பக்கத்துத் தமிழ்ச் சமணர்களான நயினார் வீடுகளில், விளக்கு வைக்குமுன்பே இராச்சோறு முடிந்துவிடும். பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை என்பது அவர்களுடைய நெறி. கணக்கிட்டுப் பார்த்தால் அதுவும் பதினான்கு மணி நேரத்துக்குக் குறையாது.

இவ்வளவையும் முதல்நாள் காலையில் அம்மாவுக்கு விளக்கினோம். அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. எங்களோடுதான் இருக்கிறார். தாமும் சர்க்கரைக்கு மாத்திரை எடுத்துக்கொள்வதால் எட்டு மணிக்கு இட்லியை முடித்துவிட வேண்டியவர். மாத்திரை உண்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் இத்தகைய நோன்புகளில் இறங்கவே கூடாது என்பதால் அவரை நாம் கூட்டுச் சேர்க்கவில்லை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அம்மா சொன்னார்: "அரிசி டப்பா நெறைய இருக்கும்போது பட்டினி கெடக்கறவனை இப்பதாண்டா பாக்கறேன்."

முதல் வாரம் கடினமாக இருந்தது. பசி ஏறிக்கொண்டே போகும் என்று எண்ணியிருந்தோம், அப்படியில்லை. சரியாக எட்டரைக்கு வரும், வயிற்றைப் பிசையும், ஒன்பதே காலுக்குத் தானே போய்விடும். பிறகு பதினொன்றுக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும். வழக்கமாக உண்ணும் நேரத்தில்தான் பசியைத் தூண்டும் சுரப்பு உடலில் மிகுமாம். கொடுக்காவிட்டால் சற்று நேரத்தில் அடங்கிவிடுமாம். ஒருநாள் உணவை விடு என்றால் விடாத, இரு நாளுக்கு ஏற்றுக்கொள் என்றாலும் ஏற்காத வயிற்றோடு வாழ்வது அரிது என்று நல்வழியில் ஔவையார் சலித்துக்கொள்கிறார். இரண்டாம் வாரத்தில் அந்த வயிற்றோடு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்துவிட்டோம் என்றே தோன்றியது.

மூக்கோடுதான் எந்த ஒப்பந்தமும் இயலவில்லை. சட்னிக்குக் கடுகு வெடிக்கும் ஓசை கேட்டால் கூடத்தில் உட்கார முடியாது. ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, செய்தித்தாளோடு மொட்டைமாடிக்குப் போய்விடுவோம். மவுண்ட் - பூந்தமல்லி சாலையில் மெட்ரோ இரயிலுக்காக எழுப்பிய தூண்களைப் பார்த்தபடி, மனைவியும் மகளும் அம்மாவும் உண்டு முடிக்கும்வரை அங்கேயே நிற்போம்.

நடைமுறைக்கு வந்த சில நாள்களிலேயே வகுப்பிலும் இதைப் பெருமையாகச் சொல்லியிருந்தோம் போலும். மணிமேகலையில் காயசண்டிகைக்கு யானைத்தீ நோய் வந்த கதையை முதல் மணியில் நடத்திக்கொண்டிருந்தோம். முனிவர் ஒருவரின் சாபத்தால் எவ்வளவு உண்டாலும் தீராத பெரும்பசியோடு பன்னிரண்டு ஆண்டுகள் அலைந்த அவளுக்கு, அமுதசுரபியிலிருந்து எடுத்து மணிமேகலை இட்ட சோறு அந்த நோயைத் தீர்க்கும் இடம். "சார், நீங்க இன்னிக்கும் சாப்பிடலியா?" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். இல்லை என்றோம். ஏதோ தோன்றி, உங்களில் எத்தனை பேர் சாப்பிட்டுவிட்டு வந்தீர்கள் என்று கேட்டோம். பாதிக் கைகூட எழவில்லை. திருவள்ளூருக்கு அப்பாலிருந்து முதல் இரயில்களில் வருகிறவர்கள். அம்மாக்கள் அதற்கும் முன்னரே கம்பெனிப் பேருந்தில் ஏறிப் போய்விடும் வீடுகள். "அப்ப நீங்களும் பதினாறுக்கு எட்டுதான்" என்றோம். "எங்களுக்கு அது ஃபாஸ்டிங் இல்ல சார், டைம்டேபிள்" என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது. நாமும் சிரித்தோம்.

அரசின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, மறு ஆண்டு மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் பரவியது. அது ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பதினெட்டு வயதுக்குப் பசி எட்டரைக்கு வந்து ஒன்பதே காலுக்குப் போய்விடும் என்று நாம் சொன்னால் அவர்கள் நம்புவார்களா என்று ஆசிரியர் அறையில் உட்கார்ந்து யோசித்தோம். அவர்களுக்கு நண்பகலில் காத்திருப்பது உணவகத்தின் எலுமிச்சைச் சோறு. எமக்கு, மனைவி அடுக்கிக் கொடுத்த மூன்றடுக்கு டப்பா. அது மேசைமேல் கண் முன்னால் இருந்ததால்தான் பசி அவ்வளவு நாகரிகமாக வந்து போயிற்றோ என்னவோ.

உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் படித்துப் பார்த்தோம். உணவு நின்று பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டிக் கல்லீரலின் சர்க்கரைச் சேமிப்பு வெகுவாகக் குறைய, உடல் கொழுப்பை எடுத்துச் செலவழிக்கத் தொடங்குகிறது. செல்கள் தம் பழுதான பகுதிகளைத் தாமே தின்று தூய்மை செய்துகொள்ளும் முறையைத் துலக்கியதற்காக ஜப்பானியர் யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் ஆராய்ந்தது ஈஸ்ட் செல்களை. வாட்ஸ்அப்பில் அது ஏகாதசிக்குக் கிடைத்த நோபலாகிவிட்டது. 2022இல் சீனத்தின் குவாங்சௌவிலிருந்து வந்த ஆய்வொன்று உடற்பருமன் கொண்ட 139 பேரை ஓராண்டு கவனித்திருக்கிறது. உணவின் அளவைக் குறைத்தவர்களுக்கும், அதே அளவு குறைத்துக் காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் மட்டும் உண்டவர்களுக்கும் எடை இழப்பில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்பது அதன் முடிவு. கடிகாரத்தைவிடத் தட்டுதான் முக்கியம் என்று பொருள். எம் போன்றவர்களுக்குக் கடிகாரம் தட்டைச் சிறிதாக்க உதவுகிறது, அவ்வளவே.

ஐப்பசியில் மழை வந்தது. இரண்டு நாள் விடாமல் பெய்ததில் தெருவில் கணுக்கால் அளவு நீர் நின்றது, கல்லூரிக்கு விடுமுறை. காலையில் கடுகு வெடிக்க, வழக்கம்போல் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தோம். மாடிக்குப் போக வழியில்லை. வாசற்கதவைத் திறந்து, உள்ளே முதுகைக் காட்டிக்கொண்டு, மழையைப் பார்த்தபடி படியில் உட்கார்ந்தோம்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒருவரை நாம் முன்பே பார்த்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

எண்பதுகளின் இறுதி. ஆரணியில் அப்பாவுக்குக் குழித்தறி. பட்டுச்சேலை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. ஐப்பசி, கார்த்திகையில் கால் மிதிக்கும் குழிக்குள் ஊற்றுநீர் ஏறிவிடும். ஈரத்தில் இழை ஓடாது. பாவு தறியிலேயே கிடக்கும். அம்மா கொட்டாங்கச்சியால் குழிநீரை இறைத்துக்கொண்டிருப்பார். அந்த மாதங்களில்தான் அம்மாவுக்கு விரதங்கள் மிகுதி. சஷ்டி ஆறு நாள், கார்த்திகைச் சோமவாரம், செவ்வாய் முருகனுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு. எங்கள் மூவருக்கும் சோறு போட்டுவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, உள்ளே முதுகைக் காட்டிக்கொண்டு திண்ணையில் போய் உட்கார்வார். நாங்கள் கை கழுவும் ஓசை கேட்டபிறகுதான் உள்ளே வருவார். தை பிறந்து தறி ஓடத் தொடங்கினால் வெள்ளிக்கிழமை மட்டும் மிஞ்சும். அம்மாவின் பக்தியை வியந்து பத்தாம் வகுப்பில் நாம் ஒரு கட்டுரையே எழுதி, அதற்குப் பரிசாகத் திருக்குறள் உரைநூல் ஒன்று பெற்றதுண்டு.

படியில் உட்கார்ந்தவாறு அந்த விரதங்களைக் கிழமை கிழமையாக எண்ணினோம். புதன்கிழமையும் இருந்தது. தேடினால் புதனுக்கும் ஒரு தெய்வம் கிடைக்கும்தான். ஆனால் எம் தெருவில் வேறு எந்த வீட்டிலும் புதன்கிழமை விரதம் இருந்ததாக நினைவில்லை. இருபது ஆண்டுகளாக இலக்கியம் நடத்துகிறோம். பசியைப் பொறுப்பவரின் ஆற்றலுக்கு மேலாகப் பிறர் பசியைத் தீர்ப்பவரின் ஆற்றலை வள்ளுவர் ஈகை அதிகாரத்தில் வைத்திருப்பதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறோம். இவ்விரண்டையும் ஒரே வேளையில் செய்துகொண்டிருந்தவரின் கையால் சோறு வாங்கி உண்டதை, ஆறு வாரம் காலை உணவை விட்டுப் பார்த்த பிறகுதான் அறிந்துகொண்டோம். அதுவும் மனத்தால் அன்று. கடுகு வெடித்ததும் எழுந்து ஓடிய கால்களால்.

அன்று மாலை மழை விட்டிருந்தது. அம்மா கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஏம்மா, ஆரணியில புதன்கிழமை விரதம் இருப்பியே, அது எந்தச் சாமிக்கு?"

அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு தண்டைக் கிள்ளி ஒதுக்கினார்.

"மழைக்குத்தான். தறிக்குழி காயட்டும்னு."

சற்று நேரம் கழித்து, "உங்கப்பாவுக்குத் தெரியும். அவரும் கடைத்தெருவுல சாப்ட்டுட்டேன்னு சொல்லிட்டு வருவாரு" என்றார். மேலும் கேட்க எமக்கு வாய் வரவில்லை. அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டார்.

மறுநாளே நேரத்தை மாற்றிக்கொண்டோம். காலை 8 மணிக்கு அம்மாவோடு உட்கார்ந்து இட்லி; நண்பகலில் டப்பா; மாலை நான்கு மணிக்குக் கல்லூரியிலேயே சுண்டலும் ஒரு வாழைப்பழமும். அத்தோடு நாள் முடிந்தது. குவாங்சௌக் கணக்கும் இதுதான். ஏறத்தாழ நயினார் வீட்டுக் கணக்கும் இதுதான். மாலை ஐந்தரைக்குக் காட்டுப்பாக்கம் சாலையோரத்தில் பஜ்ஜி போடும் அடுப்பைக் கடந்து வருவது இன்னும் சோதனையாகவே இருக்கிறது. தை மாதம் மறுபடி இரத்தம் கொடுத்ததில் சராசரி 5.9. எடை நான்கு கிலோ குறைந்திருக்கிறது. மருத்துவர் மகிழ்ந்தார், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார்.

இரவில்தான் சிக்கல். எட்டு மணிக்கு மனைவி தோசை வார்க்கும்போது, முன்னைப்போல் மொட்டைமாடிக்குப் போகாமல் கூடத்திலேயே உட்கார்ந்துகொள்ளப் பழகியிருக்கிறோம். மகளுக்குச் சட்னி போட்டுக்கொண்டே அம்மா எம் பக்கம் திரும்பி நாள்தோறும் கேட்கிறார்: "ஒண்ணே ஒண்ணு போடட்டா?"

வேண்டாம் என்கிறோம். அம்மா நம்புவதில்லை.