சுருள்வில்லும் காற்றழுத்தமும்

தோட்டப்புறத்து இளைஞர்களின் கார் மோகத்தைப் பழிக்கும் பேச்சை அடிக்கடி கேட்கிறோம். அம்மோகத்தினுள் பௌதிகப் பாடம் ஒன்று இருப்பதைக் காண்பவர் சிலரே. கோல சிலாங்கூரிலிருந்து பெஸ்தாரி ஜெயா வரை (பத்தாங் பெர்ஜுந்தை என்றால்தான் என் தலைமுறைக்கு விளங்கும்) செம்பனைத் தோட்டங்களை ஒட்டிச் சிறு பட்டறைகள் பல உண்டு. அவற்றுள் ஒன்றில் என் தம்பி மகன் தன் கஞ்சில் காரைப் பிரித்துப் போட்டிருந்தான்.

1994இல் பெரோடுவா வெளியிட்ட அக்கார், ஜப்பானிய டைஹாட்சு மீராவின் வழிவந்தது. அந்த உறவை நம்பி மீராவின் டர்போ எஞ்சினை அதில் ஏற்றுவோர் பலர். அவனும் ஏற்றியிருந்தான்; போக்குவரத்து இலாகாவின் அனுமதியையும் முறையாகப் பெற்றிருந்தான். எஞ்சியவை இரண்டு ஆசைகள்: காரைத் தாழ்த்த வேண்டும், பூஸ்டை ஏற்ற வேண்டும்.

"ஸ்பிரிங்கில ரெண்டு சுத்து அறுத்தா போதும் பெரியப்பா, காசே செலவில்ல" என்றான்.

ஓய்வுபெற்ற ஆசிரியனுக்குக் கரும்பலகை இல்லாமல் பேச வராது. சிமெந்துத் தரையிலேயே வரைந்தேன். எட்டுச் சுற்றுள்ள வில்லில் இரண்டை அறுத்தால், மீதமுள்ள ஆறும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விறைத்துவிடும். அந்த விறைப்பை அடக்கும் வலிமை பழைய அதிர்வுத் தாங்கிக்கு இராது. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது, குட்டையான வில் தன் இருக்கையை விட்டே நழுவக்கூடும். நம் பக்கத்துச் சாலைகளோ பல இடங்களில் சதுப்பு மண்ணின்மீது கிடப்பவை. வடிகால் வெட்டிய சதுப்பு நிலம் தாழ்ந்துகொண்டே போகும். சாலை அலை அலையாய் எழுந்து இறங்கும். அந்த அலையில் டயர் தரையை விட்டெழும் நொடியில் எதிரே செம்பனைக் குலை ஏற்றிய லாரி வந்தால், பிரேக்கை மிதித்து என்ன பயன்?

வில் என்ற பெயர் இதற்கு எவ்வளவு பொருத்தம்! அமுக்கிப் பிடிக்கும் கருவியின்றிக் கழற்றினால், அம்பினும் விரைவாய் முகத்தில் பாயும்.

பூஸ்டைப் பற்றி அவனுக்கு என்னைவிட மிகுதியாகத் தெரியும். புகைப்போக்கிக்குச் செல்லும் சூட்டுக்காற்று ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதே தண்டிலுள்ள மறு சக்கரம் வெளிக்காற்றை எஞ்சினுக்குள் திணிக்கிறது. நான் கேட்டது ஒரே கேள்வி: "காற்று கூடுகிறது, பெட்ரோல் கூடுகிறதா?"

பெட்ரோல் முற்றும் எரிய, ஒரு பங்குக்கு 14.7 பங்கு எடையுள்ள காற்று போதும். முழு பூஸ்டில் 12 பங்கு அல்லது அதற்கும் குறைவாக வைப்பது வழக்கம். மிகுதிப் பெட்ரோல் சூட்டைத் தணிக்கும். பம்பும் இன்ஜெக்டரும் ஈடுகொடுக்காமல் காற்று மட்டும் ஏறினால், எரிபொருள் தன்போக்கில் வெடித்துத் 'தட்டும்'. அந்தத் தட்டல் நீடித்தால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

அவன் சற்று நேரம் பேசவில்லை. பின்பு பெட்ரோல் கலவையைக் காட்டும் மானியின் விலையை விசாரித்தான். அம்மாதச் சம்பளத்தில் அதிர்வுத் தாங்கியோடு இணைத்துச் செய்த ஸ்பிரிங்குகள் வந்தன. கார் சிறிதளவே தாழ்ந்தது. அடுத்த மாதம் பிரேக். மானி வந்தது அதற்கும் பிறகு. அதுவரை பூஸ்ட் திருகில் அவன் கை வைக்கவில்லை. இப்போது சிறிது சிறிதாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் மானியின் எண்ணை ஒரு பழைய பள்ளி நோட்டில் தேதியிட்டு எழுதி வருகிறான். கையெழுத்துத்தான் இன்னும் திருந்தவில்லை.